கருத்த வெல்லமும் கேழ்வரகுச் சிமிலியும்

எனக்கு மிகவும் பிடித்த இனிப்பு சிமிலி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், கேழ்வரகு மாவில் அடை சுட்டு, அதைச் சூட்டோடு பிய்த்து உரலில் போட்டு, வறுத்த நிலக்கடலை, எள், வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்து இடித்து, உருண்டையாகப் பிடிப்பதுதான் சிமிலி. அதில் நெய் கிடையாது, பாகு கிடையாது, முந்திரியும் திராட்சையும் கிடையாது. பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்து, நாற்பது வயதைக் கடந்த பிறகும் அந்த உருண்டைக்காகவே ஊருக்குப் பேருந்து ஏறுகிற எனக்கு, அதற்கு மேல் ஓர் இனிப்பில் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

திருநெல்வேலி என்றதும் அல்வா நினைவுக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழநிப் பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் பெற்றது. உங்கள் ஊருக்கு வந்தால் என்ன வாங்கிக்கொண்டு போவது என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போது, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் நான் பதில் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்து இனிப்புகளில் பல, காலையில் செய்து மாலைக்குள் தீர்ந்துபோகிறவை. சிமிலியில் அடையின் ஈரம் தங்கியிருப்பதால் அது இரண்டாம் நாள் மாலைக்கு மேல் தாங்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம் அடுக்கிவைக்க முடியாத பண்டத்தைக் கடைக்காரர் எப்படி விற்பார்?

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சிமிலி செய்யும் நாளைத் தெருமுனையிலேயே அறிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து உலக்கைச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நெல் குத்துவதைப் போலக் கணகணப்பாக இல்லாமல், மெத்தென்று, ஈரமாகக் கேட்டால் உரலுக்குள் அடை இருக்கிறது என்று பொருள். கேழ்வரகு மாவில் சிட்டிகை உப்புப் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, வாழையிலைத் துண்டின் மேல் தட்டித் தோசைக்கல்லில் போடுவார். எண்ணெய் நான்கைந்து சொட்டுகளுக்கு மேல் விடமாட்டார். அடை கனமாக இருந்தால் நடுவில் வேகாமல் பச்சை வாடை நின்றுவிடும். மெல்லியதாக இருந்தால் மொறுமொறுப்பாகி, இடிக்கும்போது தூளாகிவிடும், உருண்டை பிடிக்க வராது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கனத்தை ஆயாவின் விரல்கள் அறிந்திருந்தன. நான் இன்றும் முதல் அடையைச் சுட்டுப் பிய்த்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தட்டுகிறேன்.

இடிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. தோல் நீக்கிய வறுகடலையையும் எள்ளையும் முதலில் ஒன்றிரண்டாக இடித்துத் தனியே எடுத்துவைக்க வேண்டும். பிறகு சுடச்சுட அடைத் துண்டுகள். அவை உதிரத் தொடங்கியதும் தட்டிய வெல்லம். கடைசியில் எடுத்துவைத்த கடலையும் எள்ளும் ஓர் ஏலக்காயும். “சூடு ஆறுறதுக்குள்ள இடிச்சிரணும் கண்ணு, ஆறிப்போனா வெல்லம் தனியா நிக்கும், அடை தனியா நிக்கும்” என்று ஆயா சொல்வார். காரணம் எளிது. அடையின் சூட்டில் வெல்லம் இளகி மாவுக்குள் இறங்குகிறது. உலக்கையின் அழுத்தத்தில் கடலையும் எள்ளும் எண்ணெய் விடுகின்றன. அந்த எண்ணெய்தான் உருண்டையைச் சேர்த்துப் பிடிக்கிறது. மிக்சியில் அரைத்தால் அதன் கத்தி அடையைத் துருவிப் பொடியாக்கிவிடுகிறது, கடலையோ விழுதாகிவிடுகிறது. வேறு வழியில்லாதவர்கள் விட்டுவிட்டு ஓட்டி எடுக்கலாம். ஆனால் உரல் இருக்கும் வீட்டில் அதைத் தொட்டிச் செடிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அளவு வேண்டுவோருக்காக: 2 தம்ளர் மாவுக்கு 1 தம்ளர் கடலை, கால் தம்ளர் எள், ஒன்றேகால் தம்ளர் தட்டிய வெல்லம்.

இந்த இனிப்பு ஏன் இங்கே பிறந்தது என்பதை எங்கள் காடுகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். வானத்தை நம்பிய மேட்டு நிலங்கள் மிகுந்த இந்தப் பகுதியில் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் எள்ளும்தான் வீட்டுக் குதிர்களை நிரப்பின. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கேழ்வரகு, சாமை ரகங்களுக்கு அந்த ஊரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். வீட்டில் விளைந்ததை வைத்து விருந்து செய்தவர்கள் நெய்க்கும் முந்திரிக்கும் எங்கே போவார்கள்? 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்பது சத்துணவு அட்டவணைகளில் உள்ள கணக்கு. அதே எடைப் பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆயாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. பிரசவமான பெண்ணுக்கும் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் சிமிலி இடித்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

சிமிலியின் உயிர் வெல்லத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எங்கள் மண்ணுக்கும் கரும்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோரே கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் போற்றுகிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. பள்ளியில் அந்தப் பாடலை விளக்கிய தமிழாசிரியை, சன்னலுக்கு வெளியே ஆலைக் கொட்டகையின் புகை தெரிந்த திசையைக் கை காட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்த பிறகும் எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் கரும்பில் ஒரு பகுதியை வெல்லக் கொட்டகைக்கே அனுப்பினார்கள். அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

கொட்டகையில் கரும்பு ஆடும் நாளில் நாங்கள் பள்ளிக்கூடம் போவது அரிது. பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவார்கள். சாறு சூடேறும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். நசுக்கிய வெண்டைச் செடித் தண்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த வழவழப்பான சாற்றை விடுவதும் உண்டு. அது கரும்புச் சாற்றில் உள்ள அழுக்கைப் பற்றிக்கொண்டு மேலே வர, நீண்ட கைப்பிடி கொண்ட வடிகட்டியால் அந்த நுரையை அள்ளி எறிவார்கள். இது பொறுமை வேண்டும் வேலை. அழுக்கை முழுவதும் எடுக்காவிட்டால் வெல்லம் கைக்கும். கொதி குறைந்து குமிழிகள் பெருத்து, பாகு கரண்டியிலிருந்து கனமாக விழத் தொடங்கும்போது, கொட்டகைக்காரர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அது உருண்டு, தட்டினால் ஓசை எழுப்ப வேண்டும். உடனே அடுப்பிலிருந்து கொப்பரையை இறக்கி, தொட்டியில் ஊற்றிக் கிளறி, இளஞ்சூட்டில் அச்சிலோ உருண்டையாகவோ பிடிப்பார்கள். 100 கிலோ கரும்பு ஆடினால் ஏறக்குறைய 10 கிலோ வெல்லம் கிடைக்கும். நாங்கள் மரவள்ளிக்கிழங்குத் துண்டுகளைத் துணியில் முடிந்து கொதிக்கும் சாற்றில் தொங்கவிடுவோம். வெந்து எடுத்த அந்தக் கிழங்கின் இனிப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட முடியாது.

இப்படிக் காய்ச்சிய வெல்லம் கருஞ்சிவப்பாக, சில சமயம் ஏறக்குறைய கருப்பாகவே இருக்கும். சந்தையிலோ மஞ்சள் நிறத்துக்குத்தான் மதிப்பு. அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனப்படும் வெளுப்பு இரசாயனத்தைப் பாகில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எடைக்காகச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து விலை கொடுத்த நம்மைப் போன்றவர்கள்தான் அந்தப் பழக்கத்தை வளர்த்தோம் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த வருத்தத்துக்கு ஒரு தீபாவளி காரணம். எங்கள் பக்கம் அதிரசத்தைக் கச்சாயம் என்றும் சொல்வார்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போகும் முன் இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறி, அந்த மாவை இரண்டு மூன்று நாட்கள் மண் சட்டியில் மூடிவைத்துப் பிறகு சுட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போக நேரமில்லாமல், நகரத்தில் ஒரு கடையில் பளிச்சென்று மஞ்சளாக இருந்த வெல்லத்தில் 2 கிலோ வாங்கிப் பாகு வைத்தேன். பாகின் பதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் சட்டியைத் திறந்தபோது மாவு கல்லைப் போல இறுகியிருந்தது. கரண்டியால் குத்தினால் மணல் மணலாக உதிர்ந்தது. பால் தெளித்துப் பிசைந்து சுட்டதும் அதிரசம் வெளியே கருகி, உள்ளே பிஸ்கட்டைப் போல விறைத்து வந்தது. மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்த நாள் அது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் மீதி இருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நல்ல வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு குளுக்கோசும் பிரக்டோசும் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இருக்கும். இவை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பாகு மீண்டும் கற்கண்டாக இறுகாமல் தடுக்கின்றன; அதிரச மாவு நாட்கணக்கில் நெகிழ்ச்சியோடு இருப்பதற்கு அதுவே காரணம். வெள்ளைச் சர்க்கரையைக் கலந்தால் இந்தப் பங்கு குறைந்து, ஆறிய பாகு மணல் மணலாக உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் மஞ்சள் வெல்லம் வாங்கியதே இல்லை. தை மாதத்தில் ஊர்க் கொட்டகைக்கு நேரே போய், கொப்பரையை இறக்கும் வரை காத்திருந்து, ஓர் ஆண்டுக்கு வேண்டிய கருத்த வெல்லத்தை வாங்கி, புளி போட்டுவைப்பதைப் போன்ற மண் பானையில் அடைத்துவைக்கிறேன். கொட்டகைக்குப் போக முடியாதவர்கள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கலாம்: நல்ல வெல்லம் இனிப்போடு மண் வாசனையும் தரும், மெதுவாகக் கரையும்.

அந்தப் பானை குறையத் தொடங்கும் நாள் ஆடி முதல் தேதி. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் மாவட்டங்களைப் போலவே தருமபுரியிலும் அன்று தேங்காய் சுடுகிறோம். பாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி ஆடி 18இல் முடிந்தது என்றும், வெற்றி வேண்டிப் போரின் தொடக்க நாளில் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்றும் பெரியவர்கள் கதை சொல்வார்கள். கல்யாணமான முதல் ஆண்டில் தலையாடிக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணின் கையில்தான் முதல் தேங்காயைக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

முற்றிய தேங்காயின் நாரை முழுவதும் உரித்து, ஓட்டைக் கரடுமுரடான தரையில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நார் ஒட்டியிருந்தால் தீ அதைப் பிடித்து ஓடு ஒரே பக்கமாகக் கருகிவிடும். மூன்று கண்களில் மெல்லிய கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டு, அந்தத் துளை வழியாகப் பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல், பொடித்த வெல்லம் ஆகியவற்றைத் திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்ற வேண்டும். முழுவதும் நிரப்பக் கூடாது. அரிசி உப்புவதற்கு மூன்றில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவித் துளையில் அழுத்திச் செருகினால் அதுவே மூடியும் ஆகிறது, தீயில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் ஆகிறது. குச்சிக்கும் தேங்காய்க்கும் மஞ்சள் பூசி, பொழுது சாயும் நேரத்தில் தெருவில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து சுழற்றிச் சுழற்றிச் சுடுவோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் குச்சியைச் சுற்றி நீராவி சீறும். பிறகு வெல்லம் கசிந்து கருகும் மணம் வரும். கடைசியில் ஓடு ‘டப்’பென்று விரியும். அந்தச் சத்தம் கேட்டதும் தேங்காயை எடுத்துப் பிள்ளையார் முன் வைத்துக் கும்பிட்டு உடைக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் பூரணத்துக்கு ஈடாக வேறொன்றை நான் இதுவரை உண்டதில்லை. பருப்பின் ஓரம் தேங்காயோடு ஒட்டிய இடத்தில் வெல்லம் பாகாகிப் பிடித்திருக்கும். ஓட்டிலிருந்து பெயர்ந்து வரும் தேங்காய்ப் பத்தையில் புகை ஏறியிருக்கும். அந்தப் பூரணத்தை வாணலியில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருட்கள் அதேதான், ஆனால் தேங்காய்த் தண்ணீர் அதன் சொந்த ஓட்டுக்குள்ளேயே கொதித்து அரிசியை வேகவைக்கும் அந்த வேலையை வாணலி செய்யாது.

ஒப்பட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தங்கையைத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொடுத்திருக்கிறோம். சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது, தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த எல்லை இராயக்கோட்டையைத் தாண்டியதும் போளி என்ற சொல் ஒப்பட்டு என்று மாறும் இடம்தான். தங்கையின் மாமியார் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அக்கம்பக்கத்தில் கன்னடம். உகாதிக்குப் போனால் அந்தத் தெரு முழுவதும் துவரம்பருப்பு வேகும் வாசனை. மாவைத் தளரப் பிசைந்து, எண்ணெயில் மூழ்கும்படி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, பூரணத்தை உள்ளே வைத்துக் கையாலேயே காகிதம் போலத் தட்டிப் போடுவார் அந்த அத்தை. பருப்பு வெந்த தண்ணீரைக் கொட்டாமல், அதில் கொஞ்சம் பூரணமும் புளியும் மிளகாயும் சேர்த்து வைக்கும் ஒப்பட்டுச் சாறு இனிப்பும் காரமுமாக இருக்கும். ஒப்பட்டைவிடச் சாற்றுக்காகவே நான் அங்கே போகிறேன் என்று தங்கை சொல்வது உண்மைதான். வைகாசியில் மாம்பழம் வந்துவிட்டால் மல்கோவாச் சாற்றைப் பிழிந்து, வெல்லமும் பாலும் கலந்து, சூடான ஒப்பட்டின் மேல் ஊற்றித் தருவார்கள். கிருஷ்ணகிரியில் மிகுதியாக விளையும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாம்பழம் கூழ்த் தொழிற்சாலைக்கு ஏற்றது. கையில் வைத்து உண்பதற்கு எனக்குச் செந்தூராவும் மல்கோவாவுமே போதும்.

மாரியம்மன் பண்டிகையின் மாவிளக்கை இனிப்பு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும்தான், அடுப்பே ஏறாதது. நெய் ஊறி, திரி எரிந்து லேசாகக் கருகிய அந்த நடுக்குழிக்காக நானும் தங்கையும் சண்டை போட்டிருக்கிறோம் என்பதற்காகவாவது அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெல்லம் உடம்புக்கு நல்லது, நாட்டு இனிப்பு ஒன்றும் செய்யாது என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது சரியன்று, வெல்லமும் இரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், கேழ்வரகோடு சேர்த்து இடித்தாலும் அது வெல்லமே. மருத்துவர் சொன்னதை அம்மா கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார். கரும்பு போட்ட மனிதர், சொந்த வெல்லத்தைத் தொடாமல் கேழ்வரகுக் களியும் கீரையுமாக ஆண்டு முழுவதும் இருக்கிறார்.

ஆடி முதல் நாள் மட்டும் ஒரு விலக்கு. இந்த ஆண்டு என் மகள் முதன்முறையாகத் தனியே ஒரு தேங்காய் சுட்டாள். ஓடு விரிந்த சத்தத்தில் பயந்து குச்சியை விடப் பார்த்தவளின் கையைத் திண்ணையிலிருந்து இறங்கி வந்து பிடித்துக்கொண்டவர் அப்பா. உடைத்ததும் அவள் முதல் பத்தையைத் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் பூரணத்தைத் தள்ளிவிட்டு, வெல்லம் கருகி ஒட்டியிருந்த தேங்காயில் நகக்கண் அளவுக்குக் கிள்ளி வாயில் போட்டு, வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார். பிறகு, “கொட்டாயி வெல்லம்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.